பிரதிநிதி இல்லாத 34 மாதங்கள்

ஒரு சட்டமன்ற உறுப்பினர் இறந்தாலோ பதவி விலகினாலோ அன்று மாலையே பேச்சு தொடங்கிவிடுகிறது. யாருக்கு சீட்டு, எந்தக் கட்சி ஒதுங்கும், ஓட்டுக்கு எவ்வளவு என்றுதான் ஊர் பேசுகிறது. அந்தத் தொகுதி மக்களுக்காகச் சட்டமன்றத்தில் இனி பேசப்போவது யார், அதுவரை எத்தனை மாதம் ஆளில்லாமல் கிடக்கும் என்ற கேள்வி எழுவதே இல்லை. இடைத்தேர்தல் கட்சிகளின் பலப்பரீட்சையாக மாறிவிட்டது. அது தொகுதி மக்களின் உரிமை என்பதை நாம் மறந்துகொண்டிருக்கிறோம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள நம் கீழ்பென்னாத்தூர் தொகுதி 2011-இல் முதல் தேர்தலைச் சந்தித்தது. 2016, 2021 என அடுத்து வந்தவையும் பொதுத்தேர்தல்கள்தாம்; அந்தப் பத்து ஆண்டுகளில் இங்கே இடைத்தேர்தல் வரவில்லை. ஆனால், அக்கம்பக்கத்துத் தொகுதிகளுக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. செஞ்சியைத் தாண்டினால் வரும் விக்கிரவாண்டி, ஐந்தே ஆண்டுகளில் இரண்டு இடைத்தேர்தல்களைப் பார்த்தது. வடக்கே, வேலூர் மாவட்டத்தின் குடியாத்தமோ ஐந்தாண்டு காலத்தில் ஏறத்தாழ 34 மாதங்கள் எம்.எல்.ஏ. இல்லாமலே இருந்தது.

ஒன்றில் அளவு மீறிய ஆரவாரம். மற்றொன்றில் அளவு மீறிய தாமதம். நம் இடைத்தேர்தல் முறையில் சரிசெய்ய வேண்டியவை இவ்விரண்டும்தான்.

எம்.எல்.ஏ. இல்லாவிட்டால் என்ன?

"எம்.எல்.ஏ. இருந்து மட்டும் என்ன கிழித்துவிட்டார்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால், ஒரு மனு எப்படி நகர்கிறது என்று பார்த்தால் அந்தப் பதவியின் பயன் புரியும்.

வேட்டவலம் பக்கத்தில் ஒரு கிராமத்து ஏரியில் மதகு பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மழை பெய்தும் தண்ணீர் நிற்கவில்லை. விவசாயிகள் திங்கள்கிழமை திருவண்ணாமலைக்குப் போய், ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறார்கள். மனு நீர்வளத் துறைக்குப் போகிறது. பொறியாளர் வந்து பார்த்து மதிப்பீடு தயாரிக்கிறார். அதன் பிறகு "நிதி வரவில்லை" என்ற பதிலோடு கோப்பு நின்றுவிடுகிறது.

நிதியை ஒதுக்குவது சென்னை. அங்கே மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுந்து, அந்த ஏரியின் பெயரைச் சொல்லி அமைச்சரிடம் பதில் கேட்கும் பொறுப்பு முதலில் ஒருவருக்குத்தான் உண்டு. அவர்தான் தொகுதி உறுப்பினர். கேள்வி நேரத்தில் அமைச்சர் சொல்லும் பதில் அவைக்குறிப்பில் ஏறுகிறது. அடுத்த முறை அதைக் காட்டியே கேட்கலாம்.

ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதிக்குப் பணிகளைப் பரிந்துரைப்பவரும் அவர்தான். அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறக்கத் தாமதமானால், மணிலா விலை சரிந்தால், கிராமத்துக்கு வந்துகொண்டிருந்த நகரப் பேருந்து நின்றுபோனால் சாதாரண மக்கள் போய் நிற்பதும் அவர் அலுவலக வாசலில்தான். 2022-இல் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரும் தம் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளை அனுப்பலாம் என்று முதலமைச்சர் கடிதம் எழுதினார். உறுப்பினர் இல்லாத தொகுதியிலிருந்து அப்படியொரு பட்டியல் எப்படிப் போகும்?

குடியாத்தம் இழந்தது

2016 மே மாதம் குடியாத்தம் மக்கள் வாக்களித்துத் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் 18 உறுப்பினர்களைத் தகுதிநீக்கம் செய்தபோது, குடியாத்தம் உறுப்பினரும் அவர்களில் ஒருவர். வழக்கு நடந்தது, வழக்கு முடியும்வரை இடைத்தேர்தலுக்குத் தடை. 2018 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு கூறினர். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18-இல் நடந்து, மே 23-இல்தான் முடிவு வந்தது. 20 மாதங்கள் ஓடிவிட்டன.

அந்தத் தேர்தலில் வென்ற எஸ்.காத்தவராயன், 2020 பிப்ரவரி 28 அன்று காலமானார். அதன் பிறகு இடைத்தேர்தல் நடக்கவே இல்லை. 2021 மே மாதம் பொதுத்தேர்தல் முடிவு வரும்வரை இன்னொரு 14 மாதங்கள் தொகுதி காலி. 60 மாதப் பதவிக் காலத்தில் பாதிக்கும் மேல் அந்த மக்களுக்கு எம்.எல்.ஏ. இல்லை.

துயரம் அத்தோடு நிற்கவில்லை. 2019-இல் பணப் பட்டுவாடா புகாரால் வேலூர் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ரத்தானது. குடியாத்தம் அந்த மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. ஆகஸ்ட் 5-இல் தேர்தல் நடந்து முடியும்வரை அவர்களுக்கு எம்.பி.யும் இல்லை. தவறு செய்தவர்கள் யாரோ. தண்டனை அனுபவித்தவர்கள் வாக்காளர்கள்.

குடியாத்தம் ஒரு தனித் தொகுதி. பட்டியலின மக்களின் குரல் அவையில் ஒலிக்க வேண்டும் என்பதற்காக அரசமைப்பு ஒதுக்கிவைத்த இடம். அந்த இடம் 34 மாதங்கள் காலியாகக் கிடந்ததைப் பற்றிப் பெரிய விவாதம் எதுவும் எழவில்லை என்பது நம் எல்லோருக்கும் வெட்கம்.

பேரிடருக்குத் தேதி கிடையாது

திருவாரூர் உறுப்பினராக இருந்த மு.கருணாநிதி 2018 ஆகஸ்ட் 7 அன்று மறைந்தார். நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, கடும் பாதிப்புக்குள்ளான அந்த மாவட்டத்தின் தலைநகர்த் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லை. 2019 ஜனவரி 28-இல் வாக்குப்பதிவு என்று அறிவித்த தேர்தல் ஆணையம், நிவாரணப் பணிகளைக் காரணம் காட்டி அதையும் ரத்துசெய்தது. இறுதியில் ஏப்ரலில்தான் தேர்தல் நடந்தது.

உறுப்பினர் மறைந்த 90 நாட்களுக்குள் இடைத்தேர்தல் என்று ஒரு விதி இருந்திருந்தால், திருவாரூரில் நவம்பர் 5-க்குள் வாக்குப்பதிவு முடிந்திருக்கும். புயல் வந்தபோது நிவாரணப் பட்டியலில் விடுபட்டவர்களுக்காகக் கேட்க ஒருவர் இருந்திருப்பார்.

கொரோனா காலத்திலும் இதே நிலைதான். 2020 பிப்ரவரி இறுதியில் அடுத்தடுத்த நாட்களில் திருவொற்றியூரும் குடியாத்தமும் காலியாயின. ஜூனில் ஜெ.அன்பழகன் கொரோனாவுக்குப் பலியாக, சேப்பாக்கம்-திருவல்லிக்கேணியும் காலியானது. ஊரடங்கும் வேலையிழப்பும் மருத்துவமனைப் படுக்கைத் தட்டுப்பாடும் நிலவிய மாதங்கள் அவை. அரசுகள் தெரிவித்த சிரமங்களை ஏற்று, தமிழகம் உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் இடைத்தேர்தல் இப்போதைக்கு இல்லை என்றது ஆணையம். ஆனால், அதே 2020 அக்டோபர்-நவம்பரில் பிஹாரில் பொதுத்தேர்தலும் மத்தியப் பிரதேசத்தில் 28 தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடந்தன.

விக்கிரவாண்டியைப் பாருங்கள். உறுப்பினர் நா.புகழேந்தி 2024 ஏப்ரல் 6 அன்று காலமானார். ஜூலை 10-இல் இடைத்தேர்தல் முடிந்தது. நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது அந்தத் தொகுதிக்கு ஒரு பிரதிநிதி இருந்தார். அந்த மழையில்தான் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்சரிந்து ஏழு உயிர்கள் போயின. அப்படிப்பட்ட நாட்களில் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டத்து மக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சட்டத்தில் உள்ள ஓட்டைகள்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு, ஓர் இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது. இரண்டு விதிவிலக்குகள் உண்டு. மீதமுள்ள பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை. குறித்த காலத்துக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்தாலோசித்துத் தேர்தல் ஆணையம் சான்றளித்தாலும் நடத்த வேண்டியதில்லை.

முதல் விதிவிலக்கின் விளைவை வால்பாறை அனுபவித்தது. உறுப்பினர் டி.கே.அமுல் கந்தசாமி 2025 ஜூன் 21-இல் காலமானார். சட்டமன்றத்தின் ஆயுள் ஓராண்டுக்குக் குறைவாக இருந்ததால் இடைத்தேர்தல் கிடையாது. யானை, சிறுத்தை நடமாட்டத்துக்கு நடுவே தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் வாழும் தொழிலாளர்களின் தொகுதி அது. அடுத்த பொதுத்தேர்தல்வரை அவர்களுக்காக அவையில் பேச யாரும் இல்லை. சட்டமும் மாற்று ஏற்பாடு எதையும் சொல்லவில்லை.

இரண்டாவது விதிவிலக்கு இன்னும் ஆபத்தானது. புணே மக்களவை உறுப்பினர் கிரீஷ் பாபட் 2023 மார்ச் 29-இல் இறந்தார். ஓராண்டுக்கும் மேல் பதவிக்காலம் மீதமிருந்தும் தேர்தல் நடக்கவில்லை. மக்களவைத் தேர்தல் ஆயத்தப் பணிகள் காரணமாகச் சொல்லப்பட்டன. உடனே தேர்தல் நடத்துமாறு அந்த ஆண்டு டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கடைசிவரை இடைத்தேர்தல் நடக்கவே இல்லை.

ஆணையத்தால் விரைந்து செயல்பட முடியாதா என்றால், முடியும். ஈரோடு கிழக்கில் திருமகன் ஈவெரா 2023 ஜனவரி 4-இல் மறைந்தார். 54-ஆவது நாளில் வாக்குப்பதிவு. அந்தத் தேர்தலில் வென்ற அவர் தந்தை ஈ.வி.கே.எஸ்.இளங்கோவன் 2024 டிசம்பர் 14-இல் காலமானார்; 53-ஆவது நாளில் வாக்குப்பதிவு. ஈரோட்டு வாக்காளருக்கு 54 நாள், குடியாத்தத்து வாக்காளருக்கு 14 மாதம் என்றால், இருவரின் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆரவாரத்தின் விலை

இனி விக்கிரவாண்டி. 2019 அக்டோபரில், அதிமுக ஆட்சியில், இடைத்தேர்தல். அதிமுக 44,924 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. 2021 பொதுத்தேர்தலில் அதே தொகுதியில் திமுக 9,573 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. 2024-இல் திமுக ஆட்சியில் இடைத்தேர்தல் வந்தபோது திமுகவின் அன்னியூர் சிவா 67,757 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பொதுத்தேர்தலில் நெருக்கமாகப் போட்டியிடும் ஊர், இடைத்தேர்தல் வந்தால் ஆளுங்கட்சியின் பக்கம் மொத்தமாகச் சாய்கிறது.

ஆளுங்கட்சி ஆள் இருந்தால்தான் தொகுதிக்கு வேலை நடக்கும் என்று மக்கள் கணக்குப் போடுவது இதற்கு ஒரு காரணம். அதில் பிழையில்லை. ஆனால், அமைச்சர்கள் ஒன்றியம் ஒன்றியமாகப் பிரித்துக்கொண்டு முகாமிடுவதும், பணமும் பரிசுப் பொருளும் வீடு தேடி வருவதாக எழும் புகார்களும் எல்லா ஆட்சியிலும் தொடர்வதுதான் கவலைக்குரியது. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தல், ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் உத்திக்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற பெயரையே தந்துவிட்டது. 2017 ஏப்ரலில் வருமான வரிச் சோதனையில் சுமார் 89 கோடி ரூபாய் விநியோகம் குறித்த ஆவணங்கள் சிக்கியதாகச் செய்தி வந்ததும் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்தானது. அங்கே டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது.

எதிர்க்கட்சிகள் இதற்குக் காட்டும் வழி, புறக்கணிப்பு. 2009 ஆகஸ்டில் ஐந்து தொகுதி இடைத்தேர்தலை அதிமுக புறக்கணித்தது. 2015-இல் ஆர்.கே.நகரில் திமுக ஒதுங்கியது. 2024 விக்கிரவாண்டியிலும் 2025 ஈரோடு கிழக்கிலும் மறுபடியும் அதிமுக. எதிர்க்கட்சியாக இருக்கும்போது சொல்லும் குறையை ஆட்சிக்கு வந்ததும் எவரும் சரிசெய்வதில்லை. நடுவில் வாக்காளருக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு குறைந்துபோகிறது.

அன்றாட வாழ்க்கையும் பாதிக்கப்படுகிறது. நடத்தை விதிகள் வந்தவுடன் குறைதீர் கூட்டம் நிறுத்தப்படுகிறது; புதிய பணிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோர முடியாது. மாடு விற்ற பணத்தோடு சந்தையிலிருந்து திரும்பும் விவசாயியைப் பறக்கும் படை மறிக்கிறது. 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் ஆவணம் காட்ட வேண்டும். சந்தையில் மாடு வாங்கியவர் எந்த ரசீது கொடுத்தார், இவர் காட்டுவதற்கு? கோடிகள் எப்படியோ ஊருக்குள் வந்துவிடுகின்றன. சிக்குவது பெரும்பாலும் இவர்கள்தாம்.

ஒரு வேட்பாளர் சட்டமன்றத் தேர்தலுக்கு 40 லட்சம் ரூபாய்வரைதான் செலவு செய்யலாம். ஆனால், அவருடைய கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை. மாநிலம் முழுவதும் நடக்கும் பொதுத்தேர்தலில் கட்சிகளின் பலம் 234 தொகுதிகளுக்குப் பிரிந்துபோகும். இடைத்தேர்தலில் அத்தனையும் ஒரே தொகுதியில் இறங்குகிறது.

மாற்று வழி உண்டா?

இலங்கையில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இறந்தால் இடைத்தேர்தல் கிடையாது. விகிதாசார முறையில் பட்டியலில் அடுத்து இருப்பவர் அந்த இடத்துக்கு வருகிறார். செலவும் இல்லை, சண்டையும் இல்லை. ஆனால், அது கட்சிக்கு வாக்களிக்கும் முறைக்குப் பொருந்துவது. நாம் தொகுதிக்கு ஒருவரைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கிறோம். அவருக்குப் பதிலாக யார் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கட்சித் தலைமையிடம் கொடுத்துவிட்டால் வாக்காளருக்கு என்ன மிஞ்சும்? இடைத்தேர்தல் வேண்டும். அது உரிய காலத்தில், ஒழுங்காக நடக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

கெடு 90 நாள்: ஆறு மாத அவகாசத்தை மூன்று மாதமாகக் குறைக்க வேண்டும். இயலாது என்று ஆணையம் கருதினால், இடம் காலியான 30 நாட்களுக்குள் காரணத்தை எழுத்துப்பூர்வமாக வெளியிட வேண்டும். "அரசு சிரமம் தெரிவித்தது" என்ற ஒற்றை வரி போதாது. என்ன சிரமம், எப்போது தீரும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

வழக்குக்கும் கெடு: தகுதிநீக்க மனுக்களை மூன்று மாதங்களுக்குள் பேரவைத் தலைவர் முடிக்க வேண்டும் என்று 2020-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த முடிவை எதிர்த்து வரும் வழக்குகளுக்கும் அதே கால வரம்பு தேவை. 18 தொகுதி மக்கள் 20 மாதங்கள் காத்திருந்தது இனி எங்கும் நடக்கக் கூடாது.

அலுவலகம் பூட்டக் கூடாது: தொகுதி காலியானாலும் எம்.எல்.ஏ. அலுவலகம் மூடப்படக் கூடாது. வருவாய்த் துறை அலுவலர் ஒருவரை அங்கே நியமித்து, மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றி, மாதம் ஒருமுறை ஆட்சியர் நேரில் கேட்க வேண்டும். அந்த அறிக்கை பேரவைச் செயலகத்துக்குப் போய் அவையில் வைக்கப்பட வேண்டும். ஓராண்டு விதிவிலக்கில் சிக்கும் வால்பாறை போன்ற தொகுதிகளுக்கு இது மிகவும் அவசியம். இதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; மாநில அரசு ஓர் ஆணை பிறப்பித்தாலே போதும்.

சலுகைகளுக்குத் தடை, காலியான நாளிலிருந்து: நடத்தை விதிகள் தேர்தல் அறிவிப்பு வந்த பிறகே அமலுக்கு வருகின்றன. இடம் காலியான நாளுக்கும் அறிவிப்புக்கும் இடைப்பட்ட வாரங்களில்தான் அந்தத் தொகுதிக்கென்று புதிய அறிவிப்புகள் குவிகின்றன. அந்தத் தொகுதிக்கு மட்டுமான புதிய சலுகைகளுக்கு, காலியான நாளிலிருந்தே தடை வேண்டும். நடந்துகொண்டிருக்கும் பணிகள், நிவாரணம், குறைதீர் கூட்டம் ஆகியவை எப்போதும் தொடர வேண்டும்.

கட்சிச் செலவுக்கு வரம்பு: இடைத்தேர்தலில் கட்சிகளின் செலவுக்கும் உச்சவரம்பு வேண்டும். தொகுதியில் ஒரே நேரத்தில் பிரச்சாரம் செய்யும் அமைச்சர்களின் எண்ணிக்கைக்கும் எல்லை வகுக்க வேண்டும். பணப் பட்டுவாடா நிரூபணமானால் தேர்தலை ரத்துசெய்யச் சட்டத்தில் வெளிப்படையான பிரிவு வேண்டும் என்று ஆணையம் முன்பே கேட்டிருக்கிறது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்ற வேண்டும். கூடவே, பணம் கொடுத்த வேட்பாளரைத் தகுதிநீக்கம் செய்து மற்றவர்களோடு தேர்தலைத் தொடரவும் வழி இருக்க வேண்டும். அப்போதுதான் தண்டனை வாக்காளர் தலையில் விழாது.

கட்சி தாவினால் காத்திருக்க வேண்டும்: பதவியைத் துறந்து வேறு கட்சிக்குப் போகும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால், தாமே உண்டாக்கிய காலியிடத்தில் தாமே மீண்டும் போட்டியிடுவதை அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடியும்வரை அனுமதிக்கக் கூடாது. இரண்டு தொகுதிகளில் வென்று ஒன்றைக் கைவிடுவதும் இதே போன்றதுதான். ஒருவருக்கு ஒரு தொகுதி என்று சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதை இனியும் தள்ளிப்போட நியாயமில்லை.

வாக்காளர்களுக்கும் கடமை உண்டு. கீழ்பென்னாத்தூர், வேட்டவலம் போன்ற ஊர்களில் விவசாயிகள் சங்கமும் வணிகர் சங்கமும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் ஒன்றுகூடி, ஏரி, கொள்முதல் நிலையம், பேருந்து, மருத்துவமனை, பல ஆண்டுகளாக இழுபடும் திண்டிவனம்-திருவண்ணாமலை ரயில் பாதை எனத் தொகுதியின் பத்துத் தேவைகளை இப்போதே எழுதிவைக்கலாம். எந்தத் தேர்தல் வந்தாலும் வேட்பாளர்கள் அனைவரையும் ஒரே மேடைக்கு அழைத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லவைத்து, அதைப் பொது இடத்தில் ஒட்ட வேண்டும். வென்றவரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைக் காட்டிக் கணக்குக் கேட்க வேண்டும். பட்டியலைக் கையில் வைத்திருக்கும் ஊரிடம் ஓட்டுக்கு விலை பேசுவது எவருக்கும் அவ்வளவு எளிதாக இருக்காது.